சோற்று டப்பாவில் போன செண்பகம்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. ஆரம்பித்தது தூத்துக்குடியை ஒட்டிய முத்தையாபுரத்தில், எங்கள் வீட்டு மேற்குச் சுவர் ஓரத்தில். முடிந்தது கடலுக்கு அந்தப் பக்கம், நான் இன்று வரை நேரில் பார்க்காத ஓர் அறையில்.

நான் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் வெல்டர். எங்கள் பக்கம் இது ஒன்றும் பெரிய செய்தி இல்லை, தெருவுக்கு நாலு வீடு இப்படித்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மே மாதம் வருவார். மகளுக்கும் லீவு, எனக்கும் லீவு என்று பார்த்து அந்த மாதத்தைப் பிடித்து வைத்திருந்தோம். பொங்கல், தீபாவளி, கல்யாண நாள், மகளின் பிறந்த நாள் எல்லாமே எங்கள் வீட்டில் மே மாதம்தான். காலண்டர் அடித்தவன் பார்த்தால் அழுதுவிடுவான்.

அப்படி வந்த ஒரு லீவில், தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, கையில் செண்பக ஒட்டுக் கன்றோடு வந்து நின்றார். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. கல்யாணம் ஆன புதிதில் நாங்கள் குற்றாலம் போயிருந்தோம். அருவிக்குப் போகிற வழியில் ஓர் அம்மா இலையில் வைத்து விற்ற செண்பகப் பூவை வாங்கி என் தலையில் வைத்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ் முழுக்க அந்த மணம். முன் சீட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். “நம்ம வீட்ல ஒண்ணு வைக்கணும்ளா” என்று அன்றைக்கே சொன்னார். புது மாப்பிள்ளைப் பேச்சு, பஸ்ஸை விட்டு இறங்கினால் மறந்துவிடும் என்று நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை.

ஆனால் செண்பகம் மலையடிவாரத்து மரம். அதற்கு நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் வேண்டும். எங்கள் ஊரில் தோண்டினால் உப்பு, காற்றிலும் உப்பு. வீட்டு இரும்புக் கேட்டே இரண்டு வருடத்தில் பொரிந்து உதிரும். வேம்பு, முருங்கை, உடைமரம், இந்த மூன்றும்தான் தெருவில் தைரியமாக நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “ஏளா, உப்பளத்துல செண்பகமா வைக்கிய? அடுத்தால ஆப்பிளும் வச்சிருங்க” என்றாள்.

இவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடல் காற்று நேராக அடிக்காதபடி வீட்டுக்கு மேற்கே, வீடே மறைப்பாக இருக்கும் இடமாகப் பார்த்தார். இடுப்பளவு குழி தோண்டி, உப்பு மண்ணை அள்ளி வெளியே கொட்டினார். சாயர்புரம் பக்கத்திலிருந்து லோடு ஆட்டோவில் செம்மண் வந்தது. அதில் மக்கின சாணியும் சருகும் கலந்து குழியை நிரப்பி, ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள் புதைந்துவிடக் கூடாது என்று முழங்கால் போட்டுப் பார்த்துப் பார்த்து நட்டார். எனக்கோ எரிச்சல் எரிச்சலாக வந்தது. கிடைப்பது ஒரு மாதம், அதிலும் பாதி மண்வெட்டியோடா?

அவர் விமானம் ஏறிவிட்டார். நட்டது அவர், தண்ணீர் சுமந்தது நான். எங்கள் வீடுகளில் இரண்டு தண்ணீர். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர், பாத்திரத்துக்கும் துணிக்கும் ஆகும். அது நினைத்தபோது குழாயில் வருவது நல்ல தண்ணீர், அதுதான் சமையலுக்கு. அந்த நல்ல தண்ணீரில் மரத்துக்கு ஒரு குடம் ஒதுக்கினேன். அரிசி கழுவியது, காய் கழுவியது எல்லாம் அதற்குத்தான். “நமக்கு டீ இல்லாட்டாலும் பரவாயில்லம்மா, மொதல்ல ஒங்க மகனுக்கு ஊத்துங்க” என்று என் மகள் கிண்டல் பண்ணுவாள்.

ஒருமுறை ஒரு வாரமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. போர்த் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவுத் தண்ணீர் வாளி வாளியாக வீணாகப் போகிறதே, பார்க்கத் தெளிவாகத்தானே இருக்கிறது என்று அதைப் பிடித்து மரத்துக்கு ஊற்றினேன். சிக்கனமாம்! கொஞ்ச நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. வீடியோ காலில் அதைப் பார்த்தவர், என்ன தண்ணீர் ஊற்றுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். “அதுல ஒரு வாய் குடிச்சுப் பாரு” என்றார். குடித்தேன். கடலே வாய்க்குள் வந்துவிட்டது. மெஷின் நமக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு அத்தனை உப்பையும் அந்தக் கழிவில்தான் தள்ளுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் இதைச் செய்யாத வீடு இல்லை, செடி செத்தால் மட்டும் திருஷ்டி என்பார்கள். நல்லவேளை, அந்த ஐப்பசி மழை கொட்டித் தீர்த்து மண்ணைக் கழுவிவிட்டது.

அதற்குப் பிறகு மரம் பிடித்துக்கொண்டது. செண்பகம் ஒருநாளும் மொட்டையாக நிற்காது. பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழும்போதே மேலே புது இலை மினுமினுவென்று வந்திருக்கும். சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தால் பையை வைத்துவிட்டு முதலில் அதனிடம்தான் போவேன். வீட்டில் ஓர் ஆள் இருக்கிற மாதிரி ஒரு தெம்பு. சில நாள் அதனிடம் அன்றைய பாடெல்லாம் சொல்வேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அதனிடம்தான் சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் பேசுவது வேறு, பக்கத்தில் நிற்பது வேறு.

அடுத்த லீவுக்கு வந்தார். மரம் அவரைவிட ஒரு முழம் உயரம். ஆனால் ஒரு மொட்டு இல்லை. எங்கள் ஊர் மே மாத வெயிலில் இலையைக் காப்பாற்றுவதே பெரும்பாடு, பூவுக்கு எங்கே போவது? அதன் அடியிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்குக் கிளம்பிய அன்று மரத்தைத் தடவிக் கொடுத்துச் சொல்லிக்கொண்ட பிறகுதான் என்னிடம் சொல்லிக்கொண்டார்.

அந்த வருடம் மழை நின்றதும், கார்த்திகையில் பூத்தது. முதலில் நான் பூவைப் பார்க்கவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் துணி எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கிருந்தோ ஒரு மணம். அண்ணாந்து பார்த்தால், இலைகளுக்கு இடையே மஞ்சளாக ஒரே ஒரு பூ. ஓடிப்போய் போனை எடுத்து அவருக்கு வீடியோவில் காட்டினேன்.

“மணக்கா?” என்றார்.

“மணக்கு.”

“எப்படி மணக்கு?”

அதை நான் என்னவென்று சொல்ல? மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். பழ வாசனையா, பால் வாசனையா, மல்லிகை மாதிரியா என்று அவரே எடுத்துக் கொடுக்கிறார். எதுவும் பொருந்தவில்லை. “எனக்குச் சொல்லத் தெரியல. வந்து மோந்து பாருங்க” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பிறகுதான் மெதுவாகச் சொன்னார். பூக்கிற காலத்தில் ஒருமுறை வந்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தாராம். வேலை முடிகிற வரை யாருக்கும் லீவு இல்லை என்றுவிட்டார்களாம். “இனி அடுத்த லீவும் மே மாசம்தான். அப்பமும் பூ இருக்காதுல்லா” என்றார்.

இந்த வீட்டுக்கு வருகிற பால்காரருக்குக்கூட அந்த மணம் கிடைக்கிறது, நட்டவருக்கு இல்லை. பூவைப் படம் பிடித்து அனுப்பலாம், மணத்தை எதில் பிடித்து அனுப்புவது? ஒரே ஒரு பூவை எப்படியாவது அவர் கையில் கொண்டு சேர்த்துவிட வேண்டும். அந்த வாரம் முழுக்க எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான்.

என்னோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருவருக்குக் காயல்பட்டணம். அவர்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். “எங்க காக்காவுக்கு ஞாயித்துக்கிழமை பயணம். ஒங்க வீட்டுக்காரருக்கு எதுவும் கொடுத்துவிடணுமா டீச்சர்?” என்று அவரே வந்து கேட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் இது. யார் வளைகுடாவுக்குக் கிளம்பினாலும் தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கருவாடு, ஊறுகாய், மக்ரூன், மருந்து மாத்திரை என்று ஆளுக்கொரு பொட்டலம் வந்து சேரும். அங்கே போனதும், வெள்ளிக்கிழமை லீவில் அவரவர் வந்து வாங்கிக்கொள்வார்கள். நான் பூ என்றதும் அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு, “கொண்டு வாங்க” என்றார்.

செண்பகப் பூவைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி இறுக மூடி வைத்தால் வெகுநாள் வாடாது. நிறைய வீடுகளில் ஷோகேஸில் அப்படி வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஞாயிறு காலையில் அப்போதுதான் விரிந்த பூக்களாகப் பறித்து, காபித்தூள் பாட்டிலில் நல்ல தண்ணீர் பிடித்துப் போட்டு, திருச்செந்தூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு காயல்பட்டணம் போனேன். ஓட்டுநர் பிரேக் போடும் போதெல்லாம் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அந்த வீடு பயண வீடாக இருந்தது. கூடத்தில் பெட்டியை எடை போட்டுப் போட்டு இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் அண்ணன் நாற்பது வயதுக்காரர். அவருடைய சின்ன மகள் அவர் காலைக் கட்டிக்கொண்டு, நகர விடாமல் நின்றாள். பாட்டிலை அவர் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். “எத்தன நாள் இருக்கும் தங்கச்சி?” என்று கேட்டார். தண்ணீருக்குள் அழகு கெடாது, வெளியே எடுத்தால் மணம் ஒரு நாளைக்குத்தான் என்றேன். “சரி. கொண்டு சேத்துருதேன், இன்ஷா அல்லாஹ்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டுக்கு வந்து பெருமையாக மகளிடம் சொன்னால், அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ அம்மா, ஃபிளைட்ல கைப்பைல அவ்வளவு தண்ணி விட மாட்டாங்க. பெட்டிக்குள்ள வச்சா பாட்டில் ஒடைஞ்சு அவங்க துணியெல்லாம் நாசம்!” நான் விமானத்தைத் தரையில் நின்று பார்த்ததோடு சரி, எனக்கு எங்கே தெரியும்? வாசல்வரை வழியனுப்பியே பழகிய வீடு. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஏதோ ஒரு குப்பைத் தொட்டியில் என் பாட்டில் கிடப்பது மாதிரியே கண்ணுக்குள் நின்றது. நல்லவேளை, அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு ஏமாற்றமாவது இல்லாமல் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள், திங்கட்கிழமை, நாலாம் வகுப்பில் பாடம் நடத்திவிட்டு வெளியே வந்து போனைப் பார்த்தால் அவரிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். அவருக்கு அந்த வாரம் இரவு ஷிஃப்ட், பகலில் தூங்குகிற நேரம் அது. வளைகுடாவிலிருந்து நேரம் தப்பிப் போன் வந்தால் எங்கள் வீடுகளில் முதலில் வருவது பயம்தான். எடுத்தவுடன் என்ன செய்தி வரப்போகிறதோ என்று குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு டீச்சர்கள் அறையில் போய் நின்று அழைத்தேன். எடுத்தார்.

“என்னங்க? என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லளா” என்றார். குரல் கரகரத்தது. “பூ வந்துட்டு.”

வீடியோவைப் போட்டார். அவர் உள்ளங்கை தெரிந்தது. வெல்டிங் பொறி பட்ட பழைய தழும்புகளுக்கு நடுவே பூக்கள் கிடந்தன. மஞ்சளெல்லாம் போய், தேயிலைச் சாறு பட்ட மாதிரி பழுத்துத் துவண்டிருந்தன. நான் பதறி, “வாடிப்போச்சே” என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. கையை முகத்துக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் கேமராவில் கூரையில் சுற்றுகிற மின்விசிறிதான் தெரிந்தது. “நீ சொல்லத் தெரியலன்னு சொன்ன பாரு, அது சரிதாம்ளா. சொல்ல முடியாதுதான்” என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் முகத்தைக் காட்டவில்லை. நான் மட்டும் அத்தனை டீச்சர்களுக்கு முன்னால் நின்று அழுதேன்.

பாட்டில் தண்ணீர் எப்படி விமானம் ஏறியது என்பது பிறகுதான் தெரிந்தது. ஏறவே இல்லை. தண்ணீரை விட மாட்டார்கள் என்பது, எத்தனையோ முறை போய் வந்த அந்த அண்ணனுக்குத் தெரியாதா? போன் பண்ணி நன்றி சொன்னபோது நான் அதைத்தான் கேட்டேன். “தெரியும் தங்கச்சி. பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டு வந்தவுகள்ட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்ல?” என்றார். மற்றதை அவர் சொல்லவில்லை, அவர் தங்கை சொன்னார்.

ஒவ்வொரு பயணத்துக்கும் அவர் மனைவி நெய்ச்சோறு கட்டிக் கொடுப்பார்களாம். வழியில் அதைத் தொடவே மாட்டாராம். அங்கே தன் அறைக்குப் போய், முதல் நாள் ராத்திரி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாராம். வீட்டுச் சோற்றை அதோடு இரண்டு வருடம் மறந்துவிட வேண்டுமே. இந்த முறை விமான நிலைய வாசலிலேயே, பசியில்லாத நேரத்தில், அதைச் சாப்பிட்டு முடித்திருக்கிறார். டப்பாவைக் கழுவி, ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்த வாழை இலைத் துண்டை ஈரமாக்கி விரித்து, பாட்டில் பூவை எடுத்து அதில் அடுக்கியிருக்கிறார். போய் இறங்கியதும், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பூ வெள்ளிக்கிழமை வரைக்கும் நிற்குமா என்று, பெட்டி படுக்கையோடு, தன் அறைக்குப் போகாமல் பஸ் பிடித்து, என் வீட்டுக்காரர் தங்கியிருக்கிற முகாமைத் தேடிப் போயிருக்கிறார். டப்பாவைக் கொடுத்துவிட்டு ஒரு டீகூடக் குடிக்கவில்லையாம். வேலையில் சேர வேண்டிய நேரம் ஆகிவிட்டதாம். எனக்கு அவர் முகம் சரியாக நினைவில்லை. அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தச் சின்னப் பெண்ணின் முகம்தான் நினைவில் நிற்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் சாவகாசமாகப் பேசினார். நான் அப்போது ஒன்று கேட்டேன். ஒரு பூவே வீடு முழுக்க நிறைகிற மணம் அது, ஒரே அறையில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தபோது டப்பாவைத் திறந்தீர்களே, யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று. அவர் சிரித்தார். தூங்கினவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்களாம். மலையாளத்துக்காரர் செம்பகம் என்றாராம். பீகார்க்காரர் சம்பா என்றாராம். எப்போதும் யாரோடும் பேசாத ஒரு வங்காளத்துக்காரர் மேல் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, ஒரு பூவைக் கேட்டு வாங்கி, வெகுநேரம் மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாராம். “ஒவ்வொருத்தனா போனை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டான்ளா. ரூம்ல நான் மட்டுந்தான். அப்பந்தான் ஒனக்கு அடிச்சேன்” என்றார்.

அது வரைக்கும், காத்திருப்பது என்பது இந்தக் கரையில் இருக்கிற எங்கள் பாடு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வேலை இருக்கிறது, கூட ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன என்று மனதுக்குள் ஒரு கோபமும் இருந்தது. அன்றோடு அது போயிற்று.

நடுவில் ஒரு மே மாதம் வந்துவிட்டுப் போனார். மரம் மாடியைத் தொட்டுக்கொண்டு பச்சையாக நின்றது, பூவில்லை. மகளின் படிப்பு முடிகிற வரைக்கும் அவர் அங்கேதான். இந்தக் கார்த்திகையிலும் அது பூத்திருக்கிறது. சாயங்காலம் அந்த மணம் வந்தால் சன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுக்கு அவர் நினைப்பு வந்துவிடும். கூடவே, அன்றைக்கு அந்த அறையிலிருந்து போன போன்களின் நினைப்பும் வரும். பீகாரிலோ வங்காளத்திலோ, மாவு பிசைந்த கையோடு யாரோ ஒருத்தி, நேரம் தப்பி வந்த போனைப் பார்த்து என்னைப் போலவே பதறி எடுத்து, என்ன ஆச்சு என்று கேட்டிருப்பாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்று அவன் சொல்லியிருப்பான். அந்தச் சும்மாவை அவளும் என்னைப் போலவே இன்னும் பத்திரமாக வைத்திருப்பாள் என்றே நான் நம்புகிறேன்.